விடியற்காலை 2.50-க்கு அடித்த மணி: சர்க்கரை சென்சாருடன் 25 நாட்கள்

திருப்பூர்ச் சாயப்பட்டறைகளில் வெப்பநிலைக் கருவிகளைச் சரிபார்ப்பதும் பழுதானவற்றை மாற்றுவதும் என் தொழில். வயது 52, சர்க்கரை நோய்க்கு வயது 11. காலையில் கிளிமெபிரைடு 2 மில்லிகிராம், காலையும் இரவும் மெட்ஃபார்மின் என்பது நெடுநாளைய வாடிக்கை. வாரத்தில் இரண்டு நாள் வெறும் வயிற்றில் விரலைக் குத்திப் பார்த்தால் 130 முதல் 150 வரை இருக்கும். அதைக் கொண்டு எல்லாம் ஒழுங்காகப் போகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தபோதுதான், மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்.பி.ஏ1சி பரிசோதனை 8.1 என்று வந்தது. காலையில் சரியாக இருக்கும் சர்க்கரை மற்ற நேரத்தில் எங்கே போய் ஏறுகிறது என்பது விரல் குத்தலில் தெரியாது என்றும், 14 நாள் சென்சார் ஒன்றை ஒட்டிக்கொண்டு வரும்படியும் மருத்துவர் சொன்னார். ஐப்பசியில் ஒன்று, தை மாதத்தில் ஒன்று என இரண்டு சென்சார்களை இதுவரை போட்டிருக்கிறேன். முதலாவது 11 நாளிலேயே விழுந்துவிட்டது. அது ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய வெள்ளை வில்லை ஒன்று மேற்கையின் பின்புறத்தில் ஒட்டிக்கொள்கிறது. அதன் அடியிலிருந்து தலைமுடியைப் போன்ற மெல்லிய இழை ஒன்று தோலுக்குக் கீழே சுமார் 5 மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது. அந்த இழையில் குளுக்கோஸ் ஆக்ஸிடேஸ் என்னும் நொதி பூசப்பட்டிருக்கிறது. சுற்றிலும் செல்களுக்கு இடையே உள்ள திசுநீரில் இருக்கும் குளுக்கோஸ் இந்த நொதியுடன் வினைபுரியும்போது நானோஆம்பியர் அளவில் மின்னோட்டம் பிறக்கிறது. அந்த மின்னோட்டத்தைத்தான் வில்லைக்குள் இருக்கும் சிறு மின்சுற்று சர்க்கரை எண்ணாக மாற்றிக் கைபேசிக்கு அனுப்புகிறது. நொதியையும் மின்முனையையும் இணைத்துச் சர்க்கரையை அளக்கலாம் என்னும் கருத்தை அமெரிக்காவின் லேலண்ட் கிளார்க் 1962-இலேயே வெளியிட்டுவிட்டார். உடலில் பொருத்தித் தொடர்ந்து அளக்கும் முதல் கருவிக்கு அந்நாட்டு அரசின் ஒப்புதல் கிடைத்தது 1999-இல். இடையில் 37 ஆண்டுகள் ஓடியதைப் படித்தபோது, கருவித் தொழிலில் இருப்பவன் என்பதால் எனக்கு வியப்பாக இல்லை. பட்டறையில் வேலை செய்யும் ஒரு சென்சாரை உயிருள்ள தசைக்குள் 14 நாள் வேலை செய்ய வைப்பது அத்தனை எளிதன்று.

இங்கே கவனிக்க வேண்டிய சொல் திசுநீர். சென்சார் இரத்தத்தைத் தொடுவதே இல்லை. இரத்தத்தில் ஏறும் சர்க்கரை நுண்குழாய்களின் சுவரைக் கடந்து திசுநீருக்கு வந்து சேரச் சில நிமிடங்கள் ஆகின்றன. துணிக்குச் சாயமேற்றும் சாஃப்ட் ஃப்ளோ மிஷினிலும் இப்படித்தான்: பி.டி.100 என்னும் வெப்பநிலை சென்சார் சாய நீரில் நேரடியாக நனைவதில்லை. ஓர் எஃகு உறைக்குள் இருக்கிறது. நீராவியைத் திறந்ததும் சாய நீர் சூடாகிவிடும். ஆனால் உறை சூடாகி உள்ளே இருக்கும் சென்சாருக்கு அது எட்டும்வரை கன்ட்ரோலர் பழைய எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். வெப்பநிலை நிலையாக நிற்கும்போது இந்தத் தாமதம் தெரியாது. வேகமாக ஏறும்போதும் இறங்கும்போதும்தான் தெரியும். சர்க்கரை சென்சாரும் இந்த வகையில் எஃகு உறைக்குள் இருக்கும் கருவியைப் போன்றதே.

ஒட்டுவது கடினமில்லை. மேற்கையின் பின்புறத்தில் முடியை மழித்து, சோப்பால் கழுவி, ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, முழுவதும் காயவிட்ட பிறகு, உடன் வரும் கருவியை வைத்து அழுத்தினால் 'டக்' என்ற ஒலியோடு வேலை முடிந்துவிடும். வலி, எறும்பு கடித்ததைவிடக் குறைவு. ஊசி இழையைச் செலுத்திவிட்டுத் தானே வெளியே வந்துவிடுகிறது. கையில் ஊசியைச் சுமந்துகொண்டு திரிகிறோம் என்று என் தாயார் இன்னும் நம்புகிறார், அவரிடம் விளக்கிப் பயனில்லை. ஒரு மணி நேரம் கழித்து முதல் எண் வந்தது. முதல் நாள் எண்களை நம்பக் கூடாது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இழை நுழைந்த இடத்தில் ஏற்பட்ட சிறு காயம் அடங்கும்வரை அளவு தாறுமாறாகத்தான் இருக்கும். நான் எந்தக் கை என்று யோசிக்காமல் இடக் கையில் ஒட்டினேன். அந்த யோசனையின்மைக்கு மூன்றாம் இரவு விலை கொடுக்க வேண்டியிருந்தது.

அதற்கு முன், தொழில் புத்தியால் ஒரு சரிபார்ப்பைச் செய்தேன். சாப்பிட்டு மூன்று மணி நேரத்துக்கு மேலான பிறகு, கைபேசி ஆப்பில் சர்க்கரை ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டும் அம்புக்குறி படுக்கையாக இருக்கும் நேரம் பார்த்து, கையைக் கழுவி விரலில் குத்தி இரண்டு எண்களையும் நோட்டில் எழுதினேன். விரலில் 126 என்றால் சென்சாரில் 114, 143-க்கு 139, 171-க்கு 158, 98-க்கு 91. நான்கு முறையும் சென்சார் குறைத்தே காட்டியது. இதை நான் குறையாக நினைக்கவில்லை. ஒரே பக்கமாகப் பிசகும் கருவியோடு வேலை செய்யலாம். இருபக்கமும் ஆடும் கருவியோடுதான் செய்ய முடியாது. மேலும், விரல் குத்தும் மீட்டரும் தெய்வ வாக்கு அன்று: 100-க்கு மேல் 15 சதவீதம் வரையிலும், 100-க்குக் கீழ் 15 மில்லிகிராம் வரையிலும் அது ஆய்வகத்திலிருந்து விலகலாம் என்று உலகத் தர விதியே இடம் தருகிறது. பழம் உரித்த கையோடு குத்தினால் அதற்கும் மேலே போகும்.

ஏறும் நேரத்தில் செய்த ஒரே ஒரு ஒப்பீடு வேறு கதையைச் சொன்னது. நான்கு இட்லி சாப்பிட்டு 40 நிமிடம் கழித்து விரலில் 184. சென்சாரில் 152, பக்கத்தில் செங்குத்தாக மேல்நோக்கிய அம்பு. 12 நிமிடம் கழித்து சென்சார் 181-க்கு வந்து சேர்ந்தது. செங்குத்து அம்பு என்பது நிமிடத்துக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் ஏறுகிறது என்பதன் குறி. அப்படியானால் 10 நிமிடத் தாமதத்தில் 20 எண்ணுக்கு மேல் விட்டுப்போவது கணக்குப்படி இயல்புதான். அன்றிலிருந்து எண்ணைப் பார்ப்பதற்கு முன் அம்பைப் பார்க்கும் வழக்கம் வந்தது.

மூன்றாம் இரவு, விடியற்காலை 2.50-க்குக் கைபேசி மணி அடித்தது. 61. எழுந்து உட்கார்ந்தேன், படபடப்பு இருப்பதுபோலவும் தோன்றியது, இல்லாததுபோலவும் தோன்றியது. திடீரென்று எழுப்பப்பட்டவனுக்கு எப்படியும் நெஞ்சு அடித்துக்கொள்ளும் என்பது அப்போது உறைக்கவில்லை. பாலில் மூன்று கரண்டி சர்க்கரை போட்டுக் குடித்து, இரண்டு பிஸ்கட்டும் தின்றுவிட்டுப் படுத்தேன். காலையில் விரலில் 196. பதினொரு ஆண்டில் வெறும் வயிற்றில் நான் பார்த்த எண்களில் அதுவே மிக அதிகம்.

நான்காம் இரவும் அதே மணி, ஏறத்தாழ அதே நேரம், 58. சமையலறைக்குப் போகக் காலைத் தரையில் வைத்தபோது என் மனைவி விளக்கைப் போட்டுவிட்டு, "என்னங்க, அந்தக் கை மேலயேதான் ரெண்டு நாளாப் படுத்திருக்கறீங்க, அது நசுங்காதுங்களா?" என்று கேட்டாள். நசுங்குவது என்ற சொல் என்னை நிறுத்தியது. மீட்டரை எடுத்துக் குத்தினேன்: 117. உட்கார்ந்தபடியே ஆப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதுவும் சாப்பிடாமலே 58 என்பது 71 ஆகி, 96 ஆகி, 20 நிமிடத்துக்குள் 109-க்கு வந்துவிட்டது.

காரணம் எளியது. உடலின் எடை முழுவதும் ஓரிடத்தில் அழுத்தும்போது அங்கே இரத்த ஓட்டம் குறைகிறது. புதிய குளுக்கோஸ் வந்து சேர்வதில்லை. அங்குள்ள செல்களோ இருப்பதை எடுத்துக்கொண்டே இருக்கின்றன. ஆகவே அந்த ஒரு கடுகளவு இடத்தில் சர்க்கரை உண்மையாகவே குறைகிறது, உடலின் மற்ற இடங்களில் குறைவதில்லை. சென்சார் பொய் சொல்லவில்லை. தன் மூலையில் நடந்ததைச் சரியாகத்தான் சொல்லியது. முந்தைய இரவின் வரைபடத்தை அதற்குப் பின் பார்த்தபோது வடிவம் தெளிவாகத் தெரிந்தது. 110-ல் படுக்கையாகப் போய்க்கொண்டிருந்த கோடு, கிணற்றுச் சுவரைப்போல நேராக 61-க்கு விழுந்து, நான் எழுந்து உட்கார்ந்ததும் அதே செங்குத்தில் ஏறியிருந்தது. அதற்கு மேல் பாலும் சர்க்கரையும் பிஸ்கட்டும் சேர்ந்து அதை 230-க்குக் கொண்டுபோயிருந்தன. உண்மையான இறக்கம் பெரும்பாலும் இப்படி வராது. அது சரிவாக வரும், சாப்பிடாமல் இப்படிச் சட்டென்று ஏறாது.

இதைக் கண்டுபிடித்த பெருமிதத்தில் அடுத்த தவறைச் செய்தேன்.

வரைபடத்தில் காலைச் சிற்றுண்டிக்குப் பின் வரும் மலையைப் பார்த்துப் பார்த்து அலுத்து, ஏழாம் நாள் காலையில் நான்கு இட்லியை இரண்டாகக் குறைத்தேன். மாத்திரையை வழக்கம்போல் போட்டேன். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுபவருக்குச் சர்க்கரை அபாயமாக இறங்குவது அரிது; கிளிமெபிரைடு அப்படியன்று. நாம் சாப்பிட்டோமா இல்லையா என்று அது கேட்பதில்லை, கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். அன்று நண்பகல் 12.10-க்கு ஒரு பட்டறையில் மிஷினின் மேல்தளத்தில் நின்று கன்ட்ரோலரைக் கழற்றிக்கொண்டிருந்தபோது மணி அடித்தது: 68, கீழ்நோக்கிச் சாய்ந்த அம்பு. இடக் கையைப் பேனலின் மேல் ஊன்றியிருந்தேன். அழுத்தம்தான் காரணம் என்று தீர்மானித்து மணியை நிறுத்திவிட்டு வேலையைத் தொடர்ந்தேன்.

12.35-க்கு டெர்மினல் திருகின் பள்ளத்தில் ஸ்க்ரூடிரைவரின் முனை உட்காரவில்லை. மறுபடி வைத்தேன், வழுக்கியது. நான்காம் முறை வழுக்கியபோது திருகில் குறை இல்லை, என் கைதான் நடுங்குகிறது என்று புரிந்தது. ஆனால் புரிந்ததை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது புரியவில்லை. உடன் இருந்த பையன், "அண்ணா, மொகமெல்லாம் வேர்த்து ஊத்துது, கீழ எறங்கி உக்காருங்க" என்று கையைப் பிடித்து இறக்கினான். விரலில் 52. பையில் இருந்த குளுக்கோஸ் பொடியில் மூன்று தேக்கரண்டி, அதாவது ஏறத்தாழ 15 கிராம், தண்ணீரில் கலக்கிக் குடித்தேன். 15 நிமிடம் கழித்து விரலில் 79. சென்சாரோ அப்போதுதான் 55 என்று காட்டி மணி அடித்துக்கொண்டிருந்தது.

இந்தக் கடைசி விவரத்தைச் சென்சார் போடும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். இறங்கும்போது தாமதமாகச் சொன்ன கருவி, ஏறும்போதும் தாமதமாகத்தான் சொல்லும். இரத்தத்தில் சர்க்கரை ஏறி மூளைக்குப் போய்ச் சேர்ந்து, நமக்கு உயிர் வந்த பிறகும் திரையில் சிவப்பு எண் நின்றுகொண்டிருக்கும். அதைப் பார்த்து மறுபடி மறுபடி சாப்பிட்டால் ஒரு மணி நேரத்தில் 250-க்குப் போய் நிற்போம். சர்க்கரை இறங்கியதற்குக் குளுக்கோஸ் சாப்பிட்ட பிறகு அடுத்த சோதனை விரலில்தான் செய்ய வேண்டும், சென்சாரில் கூடாது.

மறுநாள் மருத்துவரிடம் வரைபடத்தைக் காட்டினேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "இட்லியக் குறைச்சீங்க, சரி. மாத்திரையையும் குறைக்கணுமான்னு என்கிட்டக் கேட்டீங்களா?" கிளிமெபிரைடை 1 மில்லிகிராமாக அவர் குறைத்தார். அதோடு எனக்கென்று ஒரு முறையை அவருடன் பேசி வகுத்துக்கொண்டேன். மணி அடிக்கும்போது உடம்பில் வியர்வையோ நடுக்கமோ பசியோ தெரிந்தால், மீட்டரைத் தேடாமல் முதலில் குளுக்கோஸ், பிறகே விரல். உடம்பு எதையும் சொல்லவில்லையென்றால் முதலில் விரல். அதில் வருவதைக் கொண்டு முடிவு. அழுத்தமாக இருக்கும் என்று ஊகித்து மணியை அணைப்பது மட்டும் இனிமேல் இல்லை.

முதல் சென்சாரின் முடிவு தீபாவளி விடியலில் வந்தது. தலையிலிருந்து கால்வரை நல்லெண்ணெய் தேய்த்து ஊறி, சீயக்காய் போட்டுக் குளிக்காமல் எங்கள் வீட்டில் தீபாவளி தொடங்காது. சென்சாரின் மேல் படாமல் தேய்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். தோளில் ஊற்றிய எண்ணெய் எங்கே வழியும் என்பதற்கு அறிவியல் தேவையில்லை. வெந்நீர் ஊற்றியபோது வில்லையின் ஓரம் எழுந்தது. துண்டால் துடைத்தபோது இழையோடு கையில் வந்துவிட்டது. மூன்று நாள் அளவீடு போயிற்று. கழன்றதைத் திரும்ப ஒட்ட முடியாது. மழையில் நனைவதும் வழக்கமாகக் குளிப்பதும் இந்த வில்லையை ஒன்றும் செய்வதில்லை. எண்ணெய்தான் அதன் பசைக்குப் பகை.

தை மாதத்துச் சென்சாரை வலக் கையில் ஒட்டினேன், நான் இடப்பக்கம் படுப்பவன் என்பதால். மருந்துக்கடைக் காகித பிளாஸ்டரை வில்லையின் ஓரங்களைச் சுற்றி நான்கு துண்டுகளாக ஒட்டினேன். வில்லையின் நடுவில் உள்ள சிறு துளையை மூடக் கூடாது என்று குறிப்பேட்டில் இருந்ததால் நடுப்பகுதியை விட்டுவிட்டேன். பட்டறை வெக்கையில் பிளாஸ்டர் மூன்று நாளுக்கு ஒரு முறை உரிந்து வந்தது, மாற்றினேன், வில்லை அசையவில்லை. சனிக்கிழமை எண்ணெய்க் குளியலைத் தலையோடு நிறுத்திக்கொண்டேன். வாங்கிய பெட்டியை 30 டிகிரிக்கு மேல் வைக்கக் கூடாது என்று அதன்மேலேயே அச்சிட்டிருந்தது. முதல் பெட்டியை மொபெட் டிக்கியில் அரை நாள் வைத்திருந்ததை நினைத்து இப்போதும் நொந்துகொள்கிறேன்.

ஒரு சிறு பழுதும் இருந்தது. முதல் சென்சாரில் இரவுதோறும் வரைபடத்தில் ஓட்டை விழுந்தது. சென்சாரில் கோளாறு என்று நினைத்தேன். உண்மையில், கைபேசி தன் பேட்டரியை மிச்சப்படுத்துவதற்காக இரவில் ஆப்பை அணைத்துவிடுகிறது. அமைப்புகளுக்குள் போய்ப் பேட்டரி சிக்கனத்திலிருந்து அந்த ஆப்புக்கு மட்டும் விலக்கு கொடுத்ததும் ஓட்டை நின்றது. கைபேசியை அடுத்த அறையில் விட்டுவிட்டுப் படுத்தாலும் தொடர்பு அறுந்துவிடும். 14 நாளில் 70 சதவீத நேரத்துக்காவது அளவு இருந்தால்தான் அறிக்கையை வைத்து மருத்துவர் எதையும் சொல்ல முடியும் என்பதால் இது அற்ப விஷயம் இல்லை.

இம்முறை சாப்பாட்டைச் சோதித்த விதமும் மாறியது. ஒரு நாளில் ஒன்றை மட்டுமே மாற்றுவது. அதே நேரம், அதே மாத்திரை, முந்தைய இரவு அதே சாப்பாடு. ஒவ்வொன்றையும் இரண்டு நாள் செய்து பார்ப்பது. மாத்திரையைப் பாதிக்கும் அளவுக்கு எதையும் குறைக்காமல் இருப்பது. நான்கு இட்லியும் தேங்காய்ச் சட்னியும் 128-லிருந்து 236-க்குக் கொண்டுபோயின. அதே நான்கு இட்லியைச் சாப்பிட்டுவிட்டுத் தெருவில் 15 நிமிடம் நடந்த நாட்களில் உச்சம் 198-ஐத் தாண்டவில்லை. முதலில் ஒரு கிண்ணம் பச்சைப்பயறுச் சுண்டலைத் தின்று, அதன் பிறகு மூன்று இட்லியை நிறையச் சாம்பாருடன் சாப்பிட்டபோது 189. சுண்டலும் நடையும் சேர்ந்த நாளில் 171. அதை ஒரு நாள்தான் பார்த்தேன் என்பதால் நோட்டில் கேள்விக்குறி போட்டிருக்கிறேன்.

என்னைத் தலைகுனிய வைத்தது கேழ்வரகு. சர்க்கரைக்கு நல்லது என்று ஆறு ஆண்டாகக் காலை 6 மணிக்கு ஒரு டம்ளர் கேழ்வரகுக் கஞ்சி குடித்துவந்தேன். சென்சாரில் அது 45 நிமிடத்தில் 241-க்கு ஏறியது. நான்கு இட்லியையே மிஞ்சியது. நைசாக அரைத்த மாவை நீர்க்கக் காய்ச்சிக் குடித்தால் குடலுக்கு வேலையே இல்லை, வந்த வேகத்தில் இரத்தத்துக்குப் போய்விடுகிறது. அதே கேழ்வரகைக் களியாகக் கிண்டிக் கீரைக் குழம்போடு சாப்பிட்ட நாளில் 205. தானியத்தின் பெயரைவிட அரைத்த விதமும் கூடச் சாப்பிட்டதும் முக்கியம் என்று இப்போது படுகிறது. இந்த எண்கள் என் உடம்புக்கானவை. இன்னொருவர் உடம்பில் இட்லி 170-லேயே நின்றுவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமை பிரியாணி, பல ஆண்டுப் பொய் ஒன்றை வெளிப்படுத்தியது. சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் விரலில் குத்துவதுதான் வழக்கம்; பிரியாணி நாளில் அது 160-க்குள்தான் இருக்கும், எனக்குப் பிரியாணி ஒத்துக்கொள்கிறது என்று மனைவியிடம் வாதாடியிருக்கிறேன். சென்சாரில் இரண்டு மணி நேரத்தில் 164 இருந்தது உண்மை. நான்கு மணி நேரத்தில் 231. நெய்யும் கறியும் இரைப்பையிலிருந்து உணவு இறங்குவதைத் தாமதப்படுத்துகின்றன. எனக்கு உச்சம் தள்ளிப்போகிறது, குறைவதில்லை. நான் குத்திப் பார்த்த நேரம் மலையின் அடிவாரமாக இருந்திருக்கிறது.

மாறாக, ஒரு பழியிலிருந்து விடுதலையும் கிடைத்தது. காலையில் 140 வந்தால் முந்தைய இரவு என்ன தின்றாய் என்ற விசாரணை எங்கள் வீட்டில் உண்டு. 14 இரவுகளில் 11 இரவு கோடு ஒரே மாதிரி இருந்தது: இரவு முழுவதும் 105 முதல் 115 வரை படுக்கையாகப் போய், விடியற்காலை 4 மணியிலிருந்து ஒன்றும் சாப்பிடாமலே ஏறத் தொடங்கி 7 மணிக்கு 138-ஐத் தொடும். விடியலில் சுரக்கும் கார்ட்டிசால், வளர்ச்சி ஹார்மோன் ஆகியவை கல்லீரலைத் தூண்டிச் சர்க்கரையை வெளியிட வைப்பதால் இது நேர்கிறது. முந்தைய இரவு தின்ற தோசைக்கும் இதற்கும் தொடர்பில்லை. இதை மருத்துவரே என் மனைவியிடம் சொன்னார் என்பதைப் பதிவு செய்கிறேன்.

இரண்டாம் சென்சாரின் அறிக்கையில் மருத்துவர் முதலில் பார்த்தது சராசரியை அல்ல. 70-க்கும் 180-க்கும் இடையில் எத்தனை சதவீத நேரம் இருந்தேன் என்பதைத்தான். 70 சதவீதத்துக்கு மேல் இருப்பதும், 70-க்குக் கீழே இருக்கும் நேரம் 4 சதவீதத்துக்குள் அடங்குவதும் 2019-இல் உலக அளவில் மருத்துவர்கள் கூடி வகுத்த இலக்கு. வயது முதிர்ந்தவர்களுக்கும் கருவுற்றவர்களுக்கும் வேறு எல்லைகள் உண்டு. எனக்கு இடையில் 76, மேலே 22, கீழே 2. சராசரி 151. அதை 0.02392-ஆல் பெருக்கி 3.31-ஐக் கூட்டினால் வரும் 6.9 என்பது எச்.பி.ஏ1சி-க்கு இணையான மதிப்பீடு என்று ஆப் காட்டியது. அதே வாரம் ஆய்வகத்தில் எடுத்த எச்.பி.ஏ1சி 7.3. கருவி தவறா என்று கேட்டேன். ஆய்வகம் மூன்று மாதத்தைச் சொல்கிறது, சென்சார் 14 நாளைச் சொல்கிறது, அந்த 14 நாளும் நீங்கள் கண்காணிப்பில் இருந்தீர்கள் என்றார். மறுக்க முடியவில்லை. கேமரா முன்னால் எவனும் ஒழுங்காகத்தான் நடப்பான்.

செலவையும் சொல்ல வேண்டும். ஒரு சென்சார் எனக்கு ஏறத்தாழ 4,500 ரூபாய்க்குக் கிடைத்தது. ஆண்டு முழுவதும் விடாமல் போட்டால் 26 சென்சார், அதாவது 1,17,000 ரூபாய். நாளுக்கு நான்கு வேளை இன்சுலின் போடுபவர்களுக்கும், முதல் வகைச் சர்க்கரை நோயுள்ள குழந்தைகளுக்கும் அது ஆடம்பரம் அன்று, இரவில் பெற்றோர் கண்ணை மூடுவதற்கான வழி. மாத்திரையில் இருக்கும் என்னைப் போன்றவனுக்கு மூன்று மாதத்துக்கு ஒன்று போதும் என்பது என் கணிப்பு, மருத்துவரும் ஒப்புக்கொண்டார். இடைப்பட்ட நாட்களில் விரல் குத்தல் தொடர்கிறது, ஆனால் இப்போது எந்த நேரத்தில் குத்த வேண்டும் என்று தெரிந்து குத்துகிறேன்: இட்லிக்கு ஒன்றேகால் மணி நேரத்தில், பிரியாணிக்கு நான்கு மணி நேரத்தில்.

பதினான்காம் நாள் இரவு சென்சார் தானே வேலையை நிறுத்திக்கொண்டது. ஓரத்தில் நான்கு சொட்டு நல்லெண்ணெய் விட்டு ஐந்து நிமிடம் ஊறவைத்தேன். தீபாவளியன்று எதிரியாக இருந்த எண்ணெய் இம்முறை தோலை இழுக்காமல் வில்லையைப் பிரித்துக் கொடுத்தது. இழை முழுதாக வந்ததா என்று வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டேன். வில்லைக்குள் சிறு பேட்டரி இருப்பதால் அதை எரிக்கக் கூடாது. ஊசி உள்ள ஒட்டும் கருவியையும் குப்பையில் அப்படியே போடக் கூடாது. இரண்டையும் ஒரு தடித்த பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மருத்துவமனையின் ஊசிக் கழிவுப் பெட்டியில் சேர்த்தேன். தோலில் சிவந்த வட்டம் ஒன்று நான்கு நாள் இருந்து மறைந்தது.

அடுத்த பெட்டியை வாங்கிவிட்டேன்; வீட்டில் குளிர்ச்சியாக இருக்கும் மூலையில், அரிசிப் பானைக்குப் பக்கத்தில் இருக்கிறது. கணக்குப்படி சித்திரைத் தொடக்கத்தில் ஒட்ட வேண்டும். இரண்டு வாரம் தள்ளிப்போடலாமா என்று மருத்துவரிடம் கேட்டிருக்கிறேன், ஏனென்றால் மாம்பழம் சித்திரைக் கடைசியில்தான் ருசியாக வரும். சோற்றோடு ஒரு துண்டு, வெறும் வயிற்றில் ஒரு துண்டு, நடைக்கு முன் ஒரு துண்டு என மூன்று வகைக்கும் நோட்டில் இப்போதே கோடு போட்டு வைத்திருக்கிறேன்.